நாலு மில்லிமீட்டர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பனி ஜன்னலை விட்டுப் போகாத ஒரு காலையில்
யோகமலர் வந்தார்,
ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி.

"முகாமுல குடுத்த கண்ணாடி தம்பி.
எழுத்து தெளிவாத்தான் இருக்கு.
ஆனா எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு.
மடுவத்துல தராசு முள்ளும் ரெண்டு.
ஒண்ணு பதினாறுங்குது, ஒண்ணு இருபதுங்குது.
கணக்கப்பிள்ளை பதினாறுனு எழுதிக்கிறாரு."

பதினெட்டுக் கிலோ என்றால் முழுப்பேர்.
பதினாறு, அரைப்பேர்.
யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை;
டிக்கோயாப் பக்கம் கீழ்க்கணக்கில்
என் அக்கா கொழுந்தெடுக்கிறாள்.

கண்ணாடியைக் கழற்றி வாங்கினேன்.
மூக்குப் பிடியில் தேயிலைக் கறை.
மீட்டரில் வைத்துப் பார்த்தேன்:
வலது மைனஸ் ஆறு, இடது மைனஸ் ஒன்று.
பவரில் பிழையில்லை.
மையங்களில் பேனாவால் புள்ளி வைத்து
மறுபடி அவர் முகத்தில் மாட்டினேன்.
கண்மணிகளுக்குக் கீழே
நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றன புள்ளிகள்,
பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பிள்ளைகள் போல.

நடுவில் மெலிந்து விளிம்பில் தடித்தது மைனஸ் லென்ஸ்.
மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது ஓர் ஆப்பு.
ஒளி தடித்த பக்கம் சாயும்,
பார்த்த பொருள் மெலிந்த பக்கம் நகரும்.
எவ்வளவு என்பது சின்னக் கணக்கு:
விலகலைச் சென்டிமீட்டராக்கி
பவரால் பெருக்க வேண்டும்.
வலதுக்கு, தசம் நான்கை ஆறால். இரண்டு தசம் நான்கு.
இடதுக்கு, வெறும் தசம் நான்கு.
இரண்டு கண்ணும் ஒன்றாக இறங்கியிருந்தால்
மூளை எப்படியோ சமாளித்திருக்கும்.
கழித்த மிச்சம் இரண்டு பிரிசம்.
அதை எந்த மூளை பொறுக்கும்?

இரண்டு பிரிசம் என்றால்
ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்.
கையெட்டும் கொழுந்தில் எட்டு மில்லிமீட்டர்:
இலைக்குப் போன விரல் காம்பில் விழும்.
தராசு தொங்கும் தூரத்தில் நாலு சென்டிமீட்டர்.
வலக்கண்ணின் தராசு கீழே,
இடக்கண்ணின் தராசு மேலே,
ஒரு கண்ணின் முள்
மற்றக் கண்ணின் எண்ணில் போய் நிற்கிறது.

காசை எண்ணினார். ஒரு லென்ஸுக்குத்தான் இருந்தது.
வலதை மட்டும் புதிதாக வெட்டினேன்,
மையத்தைக் கண்மணிக்கு நேரே ஏற்றி.

பதினைந்து நாள் கழித்து வந்தார்.
படியைத் தடவவில்லை.

"முள்ளு ஒண்ணாயிருச்சு தம்பி."
"எவ்வளவு காட்டுது?"
"பதினெட்டு. ஒருநாளைக்குப் பத்தொம்பது."
"புத்தகத்துல?"
"பதினாறு."

கீழே மஸ்கெலியா பஸ்
நடத்துநரை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்து
மறுபடி நின்றது.

"இத்தனை நாளா
என் கண்ணுதான் கோளாறுனு இருந்தேன்," என்றார்.
"இப்பவும் கேட்டா அதைத்தான் சொல்லுவாங்க.
ஒரு கடுதாசி எழுதித் தாங்க. சீல் குத்தி."

நான் டாக்டர் இல்லை, கண்ணாடி வெட்டுகிறவன்.
அதையும் முதல் வரியிலேயே எழுதினேன்.
பிறகு: வலது, பூச்சியம்.
இடது, தசம் நான்கு; விட்டுவிடலாம்.
இவர் இரண்டு கண்ணாலும்
ஒரே முள்ளைப் பார்க்கிறார்.
தேதி. கடை முத்திரை.

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.
"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க தம்பி.
கணக்கப்பிள்ளைக்கும் நாப்பத்தஞ்சு தாண்டிருச்சு,
தாளை எட்டப் புடிச்சுத்தான் படிக்கிறாரு."